ஐசோட்ரெட்டினோயின் கேப்சூல்: குடல் நோய் உள்ள குடும்பத்திலிருந்து ஒரு மதிப்புரை

கட்டி கட்டியாக எழும்பி, சீழ் வைத்து, ஆறிய பிறகும் குழி விட்டுப்போகும் கடுமையான முகப்பருவுக்கு இன்று மருத்துவத்தில் இருக்கும் வலுவான மருந்து ஐசோட்ரெட்டினோயின். எச்சரிக்கைகள் மிகுந்த பரு மருந்தும் அதுதான். தோல் மருத்துவரின் சீட்டோடு அதை ஒரு முழுச் சுற்று எடுத்து முடித்தவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் அண்ணனுக்குப் பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆகவே, மருந்துத் தாளில் பலர் படிக்காமல் தாண்டிப்போகும் 'குடல் அழற்சி நோய்' என்ற பத்தியை எங்கள் வீட்டில் ஒருவரும் தாண்டவில்லை. உதடு காயும், தோல் உரியும் என்பதையெல்லாம் சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தப் பத்தியை எவ்வளவு பொருட்படுத்த வேண்டும் என்பதைத் தமிழில் விளக்கியவர்களை நான் காணாததால், மதிப்புரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் மருந்தைப் பற்றி. ஐசோட்ரெட்டினோயின் வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருள். தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைச் சுருக்குவது, மயிர்க்கால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்வது, பருவில் வளரும் பாக்டீரியாவுக்கு இடமில்லாமல் செய்வது, அழற்சியைத் தணிப்பது ஆகிய நான்கையும் ஒருசேரச் செய்யும் ஒரே பரு மருந்து இது என்பதால்தான் மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் இதற்கு வருகிறார்கள். சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 1982இல் அமெரிக்காவில் அக்யூட்டேன் என்ற பெயரிலும், பிற நாடுகளில் ரோஅக்யூட்டேன் என்ற பெயரிலும் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2002இல் அமெரிக்கக் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் இதே மருந்தைத் தயாரிக்கத் தொடங்கின. அங்கே அனுமதி பெற்ற முதல் சில தயாரிப்புகளில் இந்திய நிறுவனம் ஒன்றின் கேப்சூலும் உண்டு. இன்று நம் ஊர் மருந்துக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு பெயர்களில் கிடைப்பதெல்லாம் இந்த ஒரே மருந்துதான்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. முதல் சில வாரங்களில் பரு குறைவதற்குப் பதிலாகக் கூடலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அப்படியே கூடியது. தாடையோரத்தில் புதிதாக எழும்பிய கட்டிகளைப் பார்த்து அம்மா மருந்தை நிறுத்தச் சொன்ன அந்தக் கட்டம் கடந்ததும், முதலில் முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு போனது, பிறகு கட்டிகள் அமுங்கின, அதன் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை என்பதும், சுற்று முழுவதற்கும் சேர்த்துக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பதும் பாடநூல் கணக்கு. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பலர் இதைவிடக் குறைந்த அளவில், நாளுக்கு 10 அல்லது 20 மில்லிகிராமாக, கூடுதல் காலத்துக்குக் கொடுக்கிறார்கள். குடும்பத்தில் குடல் நோய் இருப்பதைச் சொன்னதும் எனக்கும் அந்த வழியைத்தான் மருத்துவர் தேர்ந்தெடுத்தார்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இது கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். வெறும் வயிற்றில் எடுத்தால், கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுக்கும்போது ஏறுவதில் பாதிகூட ஏறாது. காலையில் இரண்டு இட்லியும் தக்காளிச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு கேப்சூலை விழுங்குகிறவர் மருந்தின் ஒரு பகுதியை வீணாக்குகிறார். பருப்பும் நெய்யும், முட்டைக் குழம்பு, தேங்காய் அரைத்த குருமா என்று ஏதாவது இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதே வேளையில் எடுப்பது நல்லது. கேப்சூலின் மேலுறை ஜெலட்டினால் ஆனது, உள்ளே பெரும்பாலும் சோயா எண்ணெய் இருக்கிறது. சுத்த சைவம் என்று இருப்பவர்களும், சோயாவோ நிலக்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளட்டும்.

அன்றாடப் பக்கவிளைவுகளில் உதடு முதலிடம். வெடிக்காத உதட்டோடு இந்த மருந்தை எடுத்தவர்கள் அநேகமாக இல்லை. வாயின் இரு ஓரங்களும் கீறி, எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டாலே கண்ணில் நீர் வரும்; வாசலின் டப்பா கைப்பையில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். மூக்கு உலர்ந்து சில காலைகளில் இரத்தம் கசிந்தது. கான்டாக்ட் லென்ஸை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்பினேன். மூட்டிலும் முதுகிலும் லேசான வலி வந்து போனது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறக்கூடும், கல்லீரல் நொதிகள் கூடக்கூடும் என்பதால் தொடங்கும் முன்பும் இடையிலும் இரத்தப் பரிசோதனை வேண்டும். மன அழுத்தம் பற்றிய எச்சரிக்கையும் தாளில் இருக்கிறது. மனநிலையில் மாற்றம் தென்பட்டால் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

இனி குடல். குடல் அழற்சி நோய் என்ற பெயரின் கீழ் இரண்டு நோய்கள் வருகின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சுவரை மட்டும் பிடிக்கும். கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எங்கு வேண்டுமானாலும் வந்து, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். இரண்டும் வாழ்நாள் நோய்கள். மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாது. ஐசோட்ரெட்டினோயின் தாளில் உள்ள எச்சரிக்கையின் சாரம் இதுதான்: முன்பு குடல் கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கும் இம்மருந்தை எடுத்தபோது இந்நோய் வந்ததாகப் பதிவுகள் உண்டு, சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் அறிகுறிகள் தொடர்ந்தன, வயிற்றுவலியோ, ஆசனவாயில் இரத்தப்போக்கோ, கடுமையான வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும். அண்ணன் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்து தேய்ந்த இரவுகளைப் பார்த்த வீட்டில் இந்த வரிகள் எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1997 முதல் 2002 வரை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்த புகார்களிலிருந்து, இம்மருந்தை எடுத்தபின் குடல் அழற்சி நோய் கண்ட 85 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 2006இல் வெளியானது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்று அது மதிப்பிட்டது. மறுபுறம் நியூ ஜெர்சி நீதிமன்றங்களில் ரோஷ் மீது வழக்குகள் குவிந்தன. அலபாமாவைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில் 2007இல் 26 லட்சம் டாலரும், மேல்முறையீட்டுக்குப் பின் நடந்த மறுவிசாரணையில் 2010இல் இரண்டரைக் கோடி டாலருக்கு மேலும் நடுவர் குழு இழப்பீடாக அறிவித்தது. இதற்கிடையே 2009 ஜூனில் ரோஷ் அமெரிக்காவில் அக்யூட்டேன் விற்பனையை நிறுத்தியது. ஆபத்தான மருந்து என்பதால் அரசு தடை செய்துவிட்டது என்று நம் ஊரில் இன்றும் பரவும் பேச்சுக்கு வேர் இதில்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது தடை அன்று. மலிவான மாற்றுத் தயாரிப்புகளால் சரிந்த விற்பனையையும் வழக்குச் செலவையும் காரணம் காட்டி நிறுவனம் தானாக விலகியது. அதே மருந்து வேறு பெயர்களில் அமெரிக்கக் கடைகளில் தொடர்ந்து விற்கப்படுகிறது.

தனித்தனிப் புகார்களை எண்ணுவதற்கும், மக்கள்தொகை அளவில் ஒப்பிடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பரு கடுமையாக இருக்கும் வயதும் குடல் அழற்சி நோய் தலைகாட்டும் வயதும் பெரும்பாலும் ஒன்றே. பதின்ம வயதின் நடுவிலிருந்து முப்பது வரை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரு மருந்தை எடுக்கும்போது, அந்த மருந்தே இல்லாவிட்டாலும் அவர்களில் சிலருக்கு அந்த மாதங்களில் குடல் நோய் தொடங்கியிருக்கும். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 2009இல் வெளியான ஆய்வு இந்தக் கோணத்தில்தான் பார்த்தது. குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் 1.2 சதவீதம் பேர் நோய்க்கு முன் ஐசோட்ரெட்டினோயின் எடுத்திருந்தார்கள்; நோய் இல்லாதவர்களில் எடுத்திருந்தவர்கள் 1.1 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே பொருள்.

அடுத்த ஆண்டே அமெரிக்கக் காப்பீட்டுத் தரவுகளை வைத்து வந்த ஆய்வு வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்தது. கிரோன் நோயோடு தொடர்பில்லை, ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்றது அது. எங்கள் குடும்பத்தில் இருப்பது அந்த இரண்டாவது நோய்தானே! ஆனால் அந்த எண்ணின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். ஆய்வில் இருந்த ஏறக்குறைய 30,000 பேரில் ஐசோட்ரெட்டினோயின் எடுத்திருந்தவர்கள் மொத்தமே 60 பேர். அவ்வளவு சிறிய தொகையில் நான்கைந்து பேர் இடம் மாறினாலே மடங்குக் கணக்கு ஆட்டம் காணும். 2013இல் வெளிவந்த வேறோர் ஆய்வும், அதுவரை வந்தவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்த கணக்கும் தொடர்பு தென்படவில்லை என்றன. பிரான்சில் நடந்த ஆய்வொன்று, இம்மருந்தை எடுத்தவர்களிடையே கிரோன் நோய் குறைவாகவே இருந்ததாகக்கூடச் சொன்னது. எதிர்த்திசையில் காட்டும் அந்த முடிவையும் நான் அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கத் தோல் மருத்துவ அமைப்பின் 2024 வழிகாட்டி, மக்கள்தொகை ஆய்வுகள் கூடுதல் ஆபத்தைக் காட்டவில்லை என்றே எழுதுகிறது.

அப்படியானால் அத்தனை புகார்கள் எங்கிருந்து வந்தன? 2003 முதல் 2011 வரை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்த 2,214 புகார்களைப் பிரித்துப் பார்த்தவர்கள், அவற்றில் 1,944, அதாவது கிட்டத்தட்ட 88 சதவீதம், வழக்கறிஞர்கள் அனுப்பியவை என்று கண்டார்கள். மருத்துவர்கள் அனுப்பியவை 5 சதவீதம்தான். இழப்பீடு கேட்பது குற்றமில்லை, நோயால் அவதிப்பட்டவர்களின் துன்பமும் பொய்யில்லை. ஆனால் தொலைக்காட்சி விளம்பரம் பார்த்து வழக்கறிஞரை அணுகுகிறவர்களின் பட்டியல் ஒரு மருந்தின் உண்மையான ஆபத்தை அளக்கும் கோலாக முடியாது. 2018 ஆகஸ்டில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றமும், கிரோன் நோய்க்கு இம்மருந்தே காரணம் என்று வாதிட்ட வல்லுநர்களின் முறை ஏற்கத்தக்கதன்று என்ற கீழமை நீதிமன்ற முடிவை நிலைநிறுத்தியது. அதோடு 2,000க்கும் மேற்பட்ட வழக்குகள் முடிவுக்கு வந்தன. முன்சொன்ன அலபாமாக்காரருக்கான தீர்ப்பு மட்டும் 2017இல் அதே நீதிமன்றத்தில் உயிர்பெற்று நின்றது என்பதும் பதிவில் இருக்கிறது; அது வழக்குத் தொடுக்கும் காலவரம்பு பற்றிய கேள்வியில் கிடைத்த வெற்றி.

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. ஐசோட்ரெட்டினோயினுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை மாதக்கணக்கில் விழுங்கியிருப்பார்கள். பிரிட்டனில் பரு உள்ள 94,487 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, டாக்ஸிசைக்ளின் எடுத்தவர்களிடையே கிரோன் நோய் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. இதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. இருந்தாலும் ஐசோட்ரெட்டினோயின் என்றதும் பதறுகிற நம் வீடுகளில், பழைய சீட்டைக் காட்டி டாக்ஸிசைக்ளினை இன்னும் ஒரு மாதம் வாங்கிப் போடுவதற்கு யாரும் கண் சிமிட்டுவதுகூட இல்லை. என் அலமாரியிலேயே அந்த அட்டைகள் எத்தனை கிடந்தன! குடல் நோய் வரலாறு உள்ள குடும்பத்தினர் கேள்வி கேட்க வேண்டிய முதல் இடம் அதுவாகக்கூட இருக்கலாம். இன்னொன்று: இந்த ஆன்டிபயாடிக்குகளை ஐசோட்ரெட்டினோயினோடு சேர்த்து எடுக்கவே கூடாது, மண்டைக்குள் அழுத்தம் கூடும். தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆய்வுகள் ஆறுதலாக இருக்கின்றன என்பதால் தாளில் உள்ள எச்சரிக்கை வீண் என்று ஆகிவிடாது. குடலில் நோய் எதிர்ப்புச் செல்கள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் வைட்டமின் ஏ வழிவரும் அமிலங்களுக்குப் பங்குண்டு. ஆகவே ஓரிரு நபர்களுக்குக் குடல் வித்தியாசமாக எதிர்வினை காட்டாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்த மூன்று அறிகுறிகள் வந்தால் நிறுத்துவது என்ற விதியை நான் அப்படியே பின்பற்றினேன். தொடங்கும் முன் அண்ணனைப் பார்க்கும் குடல் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். குடும்பத்தில் நோய் இருப்பது மட்டும் தடையில்லை என்றும், அறிகுறி எதையும் மறைக்கக் கூடாது என்றும் அவர் சொன்னார்.

மறைப்பது என்பது நம் ஊரில் பெரும்பாலும் வேண்டுமென்றே நடப்பதில்லை. மலத்தில் இரத்தம் கண்டால் 'உடம்புச் சூடு' என்று மோரையும் ஊறவைத்த வெந்தயத்தையும் கொடுப்பார்கள், இல்லையென்றால் மூலம் என்று முடிவுகட்டி நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்கள். ஐசோட்ரெட்டினோயினை உடம்பைச் சூடாக்கும் மருந்து என்று ஏற்கெனவே சொல்லிக்கொள்கிறோம். அதனால் இரத்தத்தையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுவது மிக எளிது. இம்மருந்து தோலையும் சளிச்சவ்வையும் உலர்த்துவதால் மலம் இறுகி ஆசனவாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டு இரத்தம் வருவதும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது வெடிப்பா, புண் அழற்சியா என்பதை வெந்தயம் சொல்லாது. கழிவின் மேல் ஓரிரு சொட்டுப் பளிச்சென்ற சிவப்பும் எரிச்சலும் ஒரு வகை. சளியோடு கலந்த இரத்தமும், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கும், எடை இறங்குவதும் வேறு வகை. மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்பதற்கு முதல் குறிப்பைத் தரும், தேவைப்பட்டால் கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோப்பி. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே சிறுகுடல் முடிவில் புண்ணை உண்டாக்குவதால், பரு மாத்திரையால் வந்தது என்று நாமே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருப்பது இன்னும் ஆபத்தானது. மேல்வயிற்றில் முதுகு வரை ஊடுருவும் வலி வந்தால், ட்ரைகிளிசரைடு மிகவும் ஏறியதால் கணையம் வீங்கியிருக்கக்கூடும். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

குடல் பற்றி இவ்வளவு எழுதிவிட்டாலும், இம்மருந்தின் ஐயத்துக்கு இடமற்ற பெரிய ஆபத்து கருவில் இருக்கும் குழந்தைக்குத்தான். கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் ஆகியவற்றில் கடுமையான குறைபாடுகள் ஏற்படும். அமெரிக்காவில் 2006 முதல் ஐபிளெட்ஜ் என்ற திட்டத்தில் பதிவு செய்யாமல் இதை வாங்க முடியாது; கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை அங்கே கட்டாயம். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து முடித்து ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. நம் மருத்துவமனைகளில் இந்தப் பேச்சு, 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா?' என்ற ஒரு கேள்வியோடும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க நாம் சொல்லும் 'இல்லை டாக்டர்' என்ற பதிலோடும் முடிந்துவிடுகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளினிக்கில் எனக்கு நடந்தது அதுதான். தனியாகச் சில நிமிடங்கள் பேசவைத்த இரண்டாவது மருத்துவரிடமே பிறகு சிகிச்சை எடுத்தேன். முடித்து ஒரு மாதம் வரை இரத்த தானமும் கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

மருந்துக்கு நான் வைக்கும் குறை எதுவும் கேப்சூலுக்குள் இல்லை. அது விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. எங்கள் தெருமுனைக் கடையில் அட்டையைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, நான்கு கேப்சூலைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டுப்பட்ட துண்டில் மருந்தின் பெயரில் பாதியும் காலாவதித் தேதியும் இல்லை. கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் படம் கடையில் மிஞ்சிய பாதியோடு போய்விட்டது. தாளைக் கேட்டபோது பெட்டிக்கு ஒன்றுதான் வரும் என்றார்கள். வேறு கடையில் முழுப் பெட்டியாக வாங்கியபோது கிடைத்த தாளில், குடல் எச்சரிக்கை கடுகளவு ஆங்கில எழுத்தில் நடுப்பகுதியில் புதைந்திருந்தது. தமிழில் ஒரு வரிகூட இல்லை. மலத்தில் இரத்தம் கண்டால் நிறுத்து என்பதைச் சொல்ல அரைப்பக்கம் போதும்.

குழி விழும் அளவுக்குப் பரு உள்ளவர்களுக்கும், ஆன்டிபயாடிக்குகள் பயன்தராதவர்களுக்கும், இரத்தப் பரிசோதனைக்கும் மறுசந்திப்புக்கும் ஒழுங்காகப் போகக்கூடியவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கல்யாணத்துக்கு முன் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நாலைந்து பருவுக்காகக் கேட்கிறவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் தோல் மருத்துவரும் குடல் மருத்துவரும் கலந்து பேசிய பிறகே தொடங்க வேண்டும். ஏற்கெனவே விழுந்த குழிகளை இது நிரப்பாது; அதற்கு வேறு சிகிச்சை தேவை. சுற்று முடிந்து மிஞ்சும் கேப்சூல்களைச் சித்தி மகளுக்கோ விடுதித் தோழிக்கோ கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வேண்டுகோள் வந்தது. அட்டையோடு கொண்டுபோய் மருத்துவரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.